ஜெய்சால்மரில் டீலர் மாநாடு: கூடாரமா, ஓட்டலா?

கேள்வி: கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் எங்கள் நிறுவனம், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உள்ள 110 டீலர்களை வரும் டிசம்பரில் ஜெய்சால்மருக்கு அழைத்துச் சென்று, இரண்டு இரவு தங்கி மாநாடு நடத்தத் திட்டமிட்டுள்ளது. சாம் மணற்குன்றுகளை ஒட்டிய கூடார முகாம் ஒன்று, தங்குமிடம், உணவு, ஒட்டகச் சவாரி, ஆடல்பாடல் எல்லாவற்றையும் சேர்த்துத் தலைக்கு ஒரு தொகை கேட்கிறது. நகரிலிருந்து சாம் செல்லும் சாலையில் உள்ள பெரிய ஓட்டல் ஒன்று ஏறக்குறைய அதைப்போல ஒன்றரை மடங்கு கேட்கிறது. எங்கள் முதலாளிக்குக் கூடாரத்தின் மீதுதான் மனம். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: தங்குவதும் கூடிப் பேசுவதும் ஓட்டலில் இருக்கட்டும், மணற்குன்றுக்கு ஒரு மாலையை மட்டும் ஒதுக்குங்கள் என்பதே என் பரிந்துரை. சாம், ஜெய்சால்மர் நகரிலிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கே காண வேண்டியவை சூரியன் மறையும் ஒரு மணி நேரமும், அதன் பிறகு மாங்கணியார் பாடகர்களின் பாட்டும், கால்பேலியா நடனமும்தான். மற்ற நேரம் முழுவதும் 110 பேர் உட்கார, குளிக்க, உறங்க, விற்பனைக் கணக்கைத் திரையில் பார்க்க ஓர் இடம் வேண்டும். முகாம்களின் விளம்பரப் படங்களில் அந்த நேரம் வருவதே இல்லை.

கூடாரத்தில் பகலில் கூட்டம் நடத்துவதில் உள்ள சங்கடம், நடத்தத் தொடங்கிய பிறகே தெரியும். கித்தான் துணி வெயிலை மறைக்குமே தவிர வெளிச்சத்தை மறைக்காது. ஆகையால் புரொஜெக்டரில் காட்டும் அட்டவணை திரையில் வெளிறிப்போய், மூன்றாம் வரிசைக்கு அப்பால் எழுத்து தெரியாது. காற்று வீசினால் துணி படபடக்கும் ஓசை மைக்கில் ஏறும், மணல் கருவிகளுக்குள் புகும். முகாம்காரர் "கான்பரன்ஸ் டென்ட் இருக்கிறது" என்றால், பகல் பதினொரு மணிக்கு அதன் உள்ளே நின்று, விளக்கை அணைத்துவிட்டு எடுத்த ஒரு காணொளியை அனுப்பச் சொல்லுங்கள். அதைப் பார்த்தாலே முதலாளியின் மனம் மாறக்கூடும்.

அடுத்தது குளிர். தார்ப் பாலைவனத்தில் டிசம்பர் இரவுகளில் வெப்பநிலை பத்து டிகிரிக்கும் கீழே இறங்குவது வழக்கம். கோவையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வருபவர்கள் ஒரு ஸ்வெட்டரோடு வந்து நிற்பார்கள். கூடாரத்தில் ஹீட்டர் உண்டா என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், எல்லாக் கூடாரங்களிலும் ஹீட்டரும் கீசரும் ஒரே நேரத்தில் ஓடினால் முகாமின் ஜெனரேட்டர் தாங்குமா, இரவு எத்தனை மணிக்கு அதை நிறுத்துவார்கள், காலை ஏழு மணிக்கு ஐம்பது குளியலறைகளில் ஒரே சமயத்தில் வெந்நீர் வருமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். மேற்கு எல்லையில் இருப்பதால் டிசம்பர் பிற்பகுதியில் அங்கே ஏறத்தாழ ஏழரை மணிக்குத்தான் பொழுது விடிகிறது. நம் ஊர்ப் பழக்கத்தில் எட்டு மணிக்கு முதல் அமர்வு என்று அச்சடித்துவிட்டால், பாதிப் பேர் கம்பளிக்குள்தான் இருப்பார்கள்; ஒன்பதரைக்கு வையுங்கள்.

ஓட்டலைத் தேர்ந்தெடுத்த பிறகும் பார்க்க வேண்டியவை உண்டு. "ட்வின் ஷேரிங்" என்று விலைப்பட்டியலில் எழுதியிருந்தாலும், அரண்மனைப் பாணி ஓட்டல்கள் பலவற்றில் அறைக்கு ஒரே பெரிய கட்டில்தான் கிடக்கும். ஒருவரை ஒருவர் முன்பின் அறியாத இரண்டு டீலர்களை ஒரே மெத்தையில் படுக்கவைத்தால், மாநாட்டில் நீங்கள் அறிவிக்கும் புதிய மாடலைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், கட்டிலைப் பற்றித்தான் பேசுவார்கள். தனித்தனிக் கட்டில் உள்ள அறைகள் எத்தனை என்ற எண்ணிக்கையை ஒப்பந்தத்திலேயே குறிப்பிடச் சொல்லுங்கள். அரங்கில் 110 பேர் அமரலாம் என்பார்கள். அது நாற்காலிகளை மட்டும் நெருக்கிப்போட்ட கணக்காக இருக்கலாம். வட்ட மேசை போட்டால் அதே அரங்கில் பாதிப் பேர்தான் கொள்ளும். கோட்டைக்குள் இருக்கும் சிறு விடுதிகளை இவ்வளவு பெரிய குழுவுக்கு யோசிக்கவே வேண்டாம். 1156இல் ராவல் ஜெய்சால் எழுப்பிய அந்தக் கோட்டையில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். சந்துகளில் பேருந்து நுழையாது.

பயணத்தை விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். ஜெய்சால்மர் விமான நிலையம் விமானப்படைத் தளத்தை ஒட்டியது; சேவைகள் குளிர்காலத்தில்தான் அதிகம், அப்போதும் 110 பேருக்கு ஒரே நாளில் இடம் கிடைப்பது அரிது. ஒரு பகுதியினர் ஜோத்பூரில் இறங்கினால், அங்கிருந்து சுமார் 280 கிலோமீட்டர், பேருந்தில் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. அப்படியானால் முதல் நாளில் மாநாடு என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டு இரவை மூன்றாக்க முடியாவிட்டால் ஊரையே மாற்றிவிடுவது நல்லது.

தேதியைப் பொறுத்தவரை, வடக்கிலும் நம் மார்கழிக்கு இணையான காலத்தில் திருமணங்கள் நடப்பதில்லை. ஆகவே டிசம்பர் 16ஐ ஒட்டித் திருமணக் கூட்டம் விலகும்; ஆண்டிறுதிச் சுற்றுலாக் கூட்டமோ 20ஆம் தேதிக்கு மேல்தான் வந்து சேரும். பேரம் பேச அந்த நான்கைந்து நாட்களே உகந்தவை. ஆனால் அது மண்டல காலமும்கூட. உங்கள் டீலர்களில் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களுக்குத் தனிச் சமையல் வேண்டும், சிலர் வரவே மாட்டார்கள். முன்பணம் கட்டுவதற்கு முன்பே அந்த எண்ணிக்கையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மணற்குன்று மாலைக்கு இரண்டு எச்சரிக்கைகள். ஒட்டகம் எழும்போது பின்னங்கால்களைத்தான் முதலில் உயர்த்தும். மேலே இருப்பவர் சட்டென்று முன்பக்கம் சரிவார். முதுகுவலி, மூட்டுவலி உள்ளவர்களுக்கு ஒட்டக வண்டியை ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்க 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் தடை விதிக்கின்றன. "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற வாய்வார்த்தையை நம்பிப் பரிசளிப்பு விழாவை ஒன்பதரைக்குத் தொடங்காதீர்கள். விலைப்பட்டியலில் ட்ரோன் படப்பிடிப்பு இருந்தால், எல்லையும் விமானப்படைத் தளமும் உள்ள மாவட்டம் என்பதால், அதற்கான அனுமதியைக் காட்டிய பிறகே அந்தத் தொகையை ஒப்புக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓட்டல் தரும் பில்லில் ராஜஸ்தான் ஜிஎஸ்டிதான் வரும், அதை நாம் இன்புட் கிரெடிட்டாக (நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாக) எடுக்க முடியாது என்று எங்கள் கணக்காளர் சொல்கிறார். உண்மையா?

பதில்: உண்மை. ஓட்டல் அறைக்கும், அலுவல் நிகழ்ச்சிக்காக எடுக்கும் அரங்குக்கும், கட்டடம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலமே சேவை வழங்கப்பட்ட இடம் என்று ஐஜிஎஸ்டி (ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி) சட்டத்தின் 12(3) பிரிவு சொல்கிறது. ஆகவே ராஜஸ்தான் ஓட்டல் அங்குள்ள மத்திய, மாநில ஜிஎஸ்டியைத்தான் வசூலிக்கும்; தமிழ்நாட்டுப் பதிவை மட்டும் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அந்த வரி முழுவதும் செலவுதான்.

இதற்கு ஒரு நேர்வழி இருக்கிறது. நிகழ்ச்சியை ஏற்பாடு செய்து தரும் சேவையை, ஜிஎஸ்டி பதிவுள்ள நிறுவனம் ஒன்றுக்கு வழங்கும்போது, அதே சட்டத்தின் 12(7) பிரிவின்படி, சேவையைப் பெறுபவரின் இடமே கணக்கில் கொள்ளப்படும். அதாவது, ஓட்டலோடு நேரடியாக ஒப்பந்தம் செய்யாமல், ஓர் ஈவென்ட் நிறுவனத்திடம் மாநாடு முழுவதையும் ஒப்படைத்து, அது உங்கள் கோவை ஜிஎஸ்டி எண்ணுக்கு முறையாகப் பில் கொடுத்தால், கிரெடிட் எடுக்க வாய்ப்புண்டு. உணவு, பானம் போன்றவற்றுக்குக் கிரெடிட் எடுப்பதில் மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவின் தடை இருப்பதால், பில் எப்படி அமைய வேண்டும் என்பதை உங்கள் ஆடிட்டர் ஒப்பந்தத்துக்கு முன்பே பார்க்க வேண்டும். பில் வந்த பிறகு பார்த்துப் பயனில்லை. ஈவென்ட் நிறுவனம் தன் லாபத்தையும் அதில் சேர்க்கும். கிடைக்கும் கிரெடிட் அதைவிட அதிகமாக இருந்தால்தான் இந்த வழி லாபம்.

அறை வாடகையின் எல்லைக்கோட்டையும் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18 சதவீதம். 7,400 ரூபாய் அறை வரியோடு 7,770 ரூபாய். 7,600 ரூபாய் அறையோ 8,968 ரூபாய். இருநூறு ரூபாய் வித்தியாசம், வரியால் 1,198 ரூபாயாகிறது. கிரெடிட் கிடைக்காதவருக்கு இது சிறு தொகை அல்ல. அறை, அரங்கு, உணவு ஆகியவற்றைத் தனித்தனி இனமாகப் பிரித்துக் காட்டாத விலைப்பட்டியலைத் திருப்பி அனுப்புங்கள். முந்தைய நிதியாண்டில் ஏதேனும் ஓர் அறையை 7,500 ரூபாய்க்கு மேல் விட்டிருந்தால் அந்த ஓட்டலின் உணவகத்துக்கு 18 சதவீத வரி என்ற விதி, 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அதைப் பரிந்துரைத்த ஜிஎஸ்டி கவுன்சிலின் 55ஆவது கூட்டம் 2024 டிசம்பர் 21இல் நடந்ததும் ஜெய்சால்மரில்தான்!

கேள்வி: பாதி முன்பணம் கேட்கிறார்கள். நிகழ்ச்சி நடக்காமல் போனாலோ, சொன்ன வசதி இல்லாவிட்டாலோ நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?

பதில்: அதை நம்பிக் கையெழுத்திட வேண்டாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவரை நுகர்வோர் என்ற வரையறைக்குள் கொண்டுவருவதில்லை. டீலர் மாநாடு வணிக நோக்கம் இல்லை என்று வாதிட்டு வெல்வது கடினம். உங்களுக்குள்ள காப்பு ஒப்பந்தத்தின் வாசகங்கள் மட்டுமே.

தவணையைப் பிரித்துக் கட்டுங்கள். கால் பங்கு முன்பதிவின்போதும், பெரும்பகுதி நிகழ்ச்சிக்கு ஒரு மாதம் முன்பும் கொடுத்துவிட்டு, ஐந்தில் ஒரு பங்கையாவது இறுதிப் பில் வந்த பிறகு தருவதாக வைத்துக்கொள்ளுங்கள். உணவுக்கான மினிமம் கேரண்டியை (எத்தனை பேர் வந்தாலும் பணம் தர வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கையை) 110 என்று ஒப்புக்கொள்ளாமல் 95 என்று போட்டு, கூடுதலாக வருபவர்களுக்கு அதே விலை என்று எழுதிக்கொள்ளுங்கள். அசல் எண்ணிக்கையைப் பத்து நாட்களுக்கு முன்பு உறுதி செய்யும் உரிமையும் இருக்கட்டும்.

எதிர்பாராத இடையூறு பற்றிய பிரிவில் பெரும்பாலும் "இயற்கைச் சீற்றம்" என்று மட்டும் போட்டிருப்பார்கள். 2025 மே மாதம் இந்தியா–பாகிஸ்தான் மோதலின்போது, வடக்கிலும் மேற்கிலும் 32 விமான நிலையங்கள் மூடப்பட்டன. ஜெய்சால்மரும் ஜோத்பூரும் அவற்றுள் அடங்கும். ஆகையால், விமான நிலையம் மூடப்படுதல், அரசின் தடையுத்தரவு, எல்லைப் பதற்றம் ஆகியவற்றைப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். அந்த நிலையில் பணம் திரும்ப வருமா, அல்லது வேறு தேதிக்கு வரவு வைக்கப்படுமா என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். வரவு என்றால் குறைந்தது ஓராண்டுக்குச் செல்லுபடியாகட்டும். வழக்கு என்றால் ஜெய்சால்மர் நீதிமன்றத்தில் மட்டுமே என்ற வரி கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். அதை அடிக்க அவர்கள் சம்மதிக்காவிட்டால், முன்பணத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: டீலர்களின் பயணச் செலவுக்கு டிடிஎஸ் (பயனைத் தருபவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடிக்க வேண்டுமா?

பதில்: பழைய வருமான வரிச் சட்டத்தின் 194ஆர் பிரிவாக 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, தொழில் சார்ந்து ஒருவருக்கு ஓராண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் பயன் எதையாவது தந்தால் 10 சதவீதம் பிடிக்க வேண்டும். புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண் மாறியிருந்தாலும் கடமை தொடர்கிறது. புதிய பொருளை அறிமுகப்படுத்துதல், விற்பனை நுட்பம் கற்பித்தல் போன்றவற்றை முதன்மை நோக்கமாகக் கொண்ட மாநாட்டுச் செலவுக்கு இது பொருந்தாது என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2022ஆம் ஆண்டின் 12ஆம் எண் சுற்றறிக்கையில் விளக்கியுள்ளது. இலக்கை எட்டியவர்களுக்கு மட்டும் பரிசாக நடத்தினால் அந்த விலக்கு இல்லை. மாநாட்டோடு ஒட்டிய உல்லாசப் பகுதியும், குடும்பத்தினருக்கான செலவும், மாநாட்டுக்கு முன்னும் பின்னும் தலா ஒரு நாளைத் தாண்டிய தங்கலும் பயனாகவே கருதப்படும். எனவே மணற்குன்று மாலைக்கான தொகையைத் தனிப் பில்லாக வாங்கி, நிகழ்ச்சி நிரல், வருகைப் பதிவேடு, காட்டிய விளக்கப் படங்கள் ஆகியவற்றோடு கோப்பில் வையுங்கள். அழைப்பிதழில் "இலக்கை எட்டிய உங்களுக்கு எங்கள் அன்புப் பரிசு" என்று விளம்பரத் துறையினர் அச்சடித்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.