பெயர் ஒன்று, பைக் வேறு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: என்னிடம் 2018 யமஹா ஆர்15 வி3 (மூன்றாம் பதிப்பு) இருக்கிறது. இந்தோனேசியாவில் விற்ற வி3-இல் தலைகீழ் ஃபோர்க் (தடித்த குழாய் மேலே இருக்கும் முன் சஸ்பென்ஷன்). இங்கே சாதா ஃபோர்க். அங்கிருந்து வரவழைத்து மாட்டிக்கொள்ளலாமா?

மாட்ட முடியும். ஆனால் ஃபோர்க் குழாய் இரண்டை மட்டும் வாங்கினால் போதாது. மேல், கீழ் கிளாம்ப் இரண்டும், அவற்றுக்குப் பொருந்தும் ஸ்டெம் (ஃபிரேமுக்குள் நின்று திரும்பும் தண்டு), ஆக்ஸில், ஸ்பேசர்கள், மட்கார்டு, கிளிப்-ஆன் ஹேண்டில், காலிப்பர் உட்காரும் இடம் என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் நீளும். ஸ்டெம்மின் நீளமும் கோன் செட்டின் (அது சுழலும் பேரிங்) அளவும் உங்கள் ஃபிரேமோடு ஒத்துப்போகிறதா என்று காசு கொடுப்பதற்கு முன்பே அளந்து பாருங்கள். உங்கள் வண்டியில் ஏபிஎஸ் இருந்தால், சென்சாருக்கும் பல்வளையத்துக்கும் உள்ள இடைவெளி கொஞ்சம் பிசகினாலும் டாஷில் விளக்கு எரியும், ஏபிஎஸ் வேலை செய்யாது.

மாட்டி முடித்ததும் மூன்று சோதனை கட்டாயம். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, பிரேக் ஹோஸும் கேபிள்களும் இழுபடுகின்றனவா என்று பாருங்கள். ஃபோர்க்கை அடிவரை அமுக்கி, டயர் ஃபேரிங்கிலோ ரேடியேட்டரிலோ இடிக்கிறதா என்று பாருங்கள். முன்பக்க உயரம் பழைய அளவிலேயே இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். சில மில்லிமீட்டர் தாழ்ந்தாலே வண்டி வளைவில் சட்டென்று விழப்பார்க்கும். உயர்ந்தால் திரும்ப அடம்பிடிக்கும்.

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இருக்கிறது: தயாரிப்பாளர் தந்த விவரக்குறிப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்கப்போவது இதைத்தான். 2021-இல் வந்த வி4-இல் இந்தியாவுக்கே தலைகீழ் ஃபோர்க் வந்துவிட்டது. பழையதை விற்று அதை வாங்குவதே என் யோசனை.

கேள்வி: சேலை கார்டைக் கழற்றினால் பின்பக்கம் அழகாக இருக்கிறது. வெளிநாட்டு மாடலில் இல்லையே?

இந்தியாவில் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-வது விதி அதைக் கேட்கிறது: பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடி, கால்மிதி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு. துப்பட்டா நுனி ஒரு முறை சக்கரத்தில் சிக்கினால் போதும். கழற்றாதீர்கள்.

கேள்வி: யமஹா ஆர்25, ஆர்3 இரண்டும் ஒரே வண்டிதானே? எதற்கு இரண்டு இன்ஜின்?

சட்டங்களுக்காக. இந்தோனேசியாவில் 250 சி.சி.யைத் தாண்டினால் ஆடம்பர வரி வந்து விழும். ஜப்பானில் 250 வரை ‘ஷாக்கென்’ எனும் அரசுப் பரிசோதனை கிடையாது. அதற்கு மேல் புது வண்டிக்கு மூன்றாம் ஆண்டிலும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் உண்டு. இந்தக் கோடுகள் இல்லாத அமெரிக்காவுக்கு ஆர்3 போனது.

கணக்கைப் பாருங்கள். ஆர்25-இன் போர் (சிலிண்டரின் விட்டம்) 60 மி.மீ., ஆர்3-இன் போர் 68. ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) இரண்டிலும் 44.1. யமஹா குடைந்து பெரிதாக்கியது. கவாசாகி எதிர்வழியில் போனது: நிஞ்ஜா 250, நிஞ்ஜா 300 இரண்டிலும் போர் 62, ஸ்ட்ரோக் மட்டும் 41.2-இலிருந்து 49 ஆனது. போர் ஒன்றுதானே என்று 250-இன் பிஸ்டனை 300-இல் போட நினைக்க வேண்டாம். ஸ்ட்ரோக் மாறினால் கிராங்க் மாறும். கூடவே பிஸ்டன் பின் உயரமோ ராடு நீளமோ பிளாக் உயரமோ மாறியே தீரும். உதிரிபாகத்தைப் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள், எண் சொல்லிக் கேளுங்கள். யமஹா எண்ணில் முதல் மூன்று எழுத்து மாடலையும் அடுத்த ஐந்து பாகத்தின் வகையையும் குறிக்கும்; முதல் மூன்று வேறாக இருந்தால் அங்கேயே நிறுத்தி விசாரியுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் 2பி லைசென்ஸ் எடுத்திருக்கிறேன். ஸ்போர்ட் பைக்கில் என்ன வாங்கலாம்?

தொடக்கநிலை பைக் லைசென்ஸான 2பி-க்கு 200 சி.சி. உச்சவரம்பு. 155 சி.சி. ஆர்15, 199.5 சி.சி. கே.டி.எம். ஆர்.சி. 200 இரண்டும் உள்ளே வரும். நிஞ்ஜா 250 வராது. ஓராண்டு கழித்து அடுத்த படியான 2ஏ எடுத்தால் 400 வரை திறக்கும். (பிலிப்பைன்ஸில் இதற்கு நேர்மாறான தொல்லை: 400-க்குக் கீழ் என்றால் எக்ஸ்பிரஸ்வேயில் ஏறவே கூடாது.)

கேள்வி: 15 குதிரைத்திறனுக்கு, இந்தியாவில் விற்ற கே.டி.எம். ஆர்.சி. 125 அநியாய விலையாக இருந்தது. யாருக்காகச் செய்கிறார்கள்?

ஐரோப்பியப் பையன்களுக்காக. அங்கே இளைஞர்கள் முதலில் எடுக்கும் ஏ1 லைசென்ஸின் எல்லை 125 சி.சி., 11 கிலோவாட் (சுமார் 15 குதிரைத்திறன்), கிலோ எடைக்கு 0.1 கிலோவாட். பதினொன்றும் முழுதாக வேண்டுமென்றால் வண்டி 110 கிலோவுக்குக் குறையக் கூடாது! அடுத்த படியான ஏ2-வில் 35 கிலோவாட், கிலோவுக்கு 0.2, அதாவது 175 கிலோ. ஏ1 எல்லைக்குள் 125-க்கு நல்ல ஃபிரேமும் நல்ல பிரேக்கும் போட்டு விற்பது அங்கே நியாயம். அப்படி ஒரு கோடு இல்லாத இந்தியாவில் அதே பணத்துக்கு 150, 160 வரிசையில் கூடுதல் இழுவை கிடைக்கும்.

கேள்வி: 350 சி.சி.க்கு மேல் வாங்கலாமா, வரியால் தயங்குகிறேன்.

2025 செப்டம்பர் 22 முதல் இந்தியாவில் 350 வரை 18 சதவீத ஜி.எஸ்.டி., அதற்கு மேல் 40. வரிக்கு முந்தைய விலை 3 லட்சம் என்றால் ஒன்று 3.54, மற்றது 4.20 லட்சம், வித்தியாசம் 66,000 ரூபாய். ஓசூரில் தயாராகும் 312.2 சி.சி. அப்பாச்சி ஆர்.ஆர். 310, 296 சி.சி. நிஞ்ஜா 300 எல்லாம் கோட்டுக்குக் கீழே. 373 சி.சி. ஆர்.சி. 390 மேலே. வேகம் தவிர வேறு காரணம் இல்லையென்றால் கீழேயே நில்லுங்கள். மிச்சப் பணத்தில் நல்ல டயரும் ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் வரும்.

கேள்வி: ஆர்15 வி3 முதலில் 19.3 பி.எஸ். (மெட்ரிக் குதிரைத்திறன்), பிறகு 18.6. இன்ஜினைக் குறைத்துவிட்டார்களா?

2020 ஏப்ரல் 1-இல் பாரத் ஸ்டேஜ் 6 வந்தது. புகை விதிக்காக விட்டுக்கொடுத்தது 0.7. தெருவில் தெரியாது. ஒப்பிடும்போது அலகைப் பாருங்கள்: 1 கிலோவாட் என்பது 1.36 பி.எஸ். போன 0.7-ஐத் திரும்பப் பெறுகிறேன் என்று, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பிடுங்கினால் புகைச் சான்றிதழ் கிடைக்காது, ஆக்சிஜன் சென்சார் கணக்கும் குழம்பும். ஏர் ஃபில்டரை மாற்றுங்கள், செயினுக்கு எண்ணெய் விடுங்கள்.