அப்பா ஏன் அறையிலேயே உட்கார்ந்திருந்தார்?

அன்புள்ள ஐயா,

உங்கள் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். எங்கள் வீட்டில் ஒரு குழப்பம், உங்களிடம் கேட்கலாம் என்று தோன்றியது. வரும் மே விடுமுறையில் மலேசியா, சிங்கப்பூர் போகத் திட்டம். நான், மனைவி, 13 வயது மகள், 9 வயது மகன், என் அப்பா, அம்மா. ஆறு இரவு, ஏழு பகல் பேக்கேஜ். கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரம், பத்துமலை, ஜென்டிங். பிறகு சிங்கப்பூரில் சென்டோசா, யுனிவர்சல். பேக்கேஜில் போவது நல்லதா, நாமே ஏற்பாடு செய்துகொள்வது நல்லதா? வயதானவர்களை அழைத்துப் போவது சரிதானா?

இப்படிக் கேட்கக் காரணம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் துபாய் போனோம். அப்பா எதிலும் ஒட்டவில்லை. பாலைவன சஃபாரிக்குக்கூட வராமல் ஓட்டல் அறையிலேயே உட்கார்ந்திருந்தார். எங்கள் எல்லோருடைய உற்சாகமும் போய்விட்டது. இத்தனைக்கும் அவர் மலேசியாவில் பிறந்தவர். கெடாவில் ஏதோ ஒரு தோட்டம். 1970-ல், பதினைந்து வயதில், கப்பலில் வந்தார்களாம். மலேசியா என்றதும் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். அவரை வற்புறுத்த வேண்டாம், பயணத்தைக் கெடுத்துவிடுவார் என்கிறார் மனைவி. சைவ உணவு கிடைக்குமா என்பதையும் சொல்லுங்கள்.

ச., திருச்சி

*

அன்புள்ள ச.,

சைவ உணவு தாராளமாகக் கிடைக்கும். 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் வரைக்கும் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று மலேசியா அறிவித்தது. நீட்டித்தும் இருக்கிறார்கள், டிக்கெட் போடும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பேக்கேஜா சொந்த ஏற்பாடா என்பதை உங்கள் சௌகரியம்போல் முடிவு செய்யுங்கள், அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

நான் பதில் எழுத உட்கார்ந்தது, கடிதத்தின் நடுவில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரிக்காக. 1970-ல் கப்பலில் வந்தார். பதினைந்து வயது. அந்த வருடம் ஏன் என்று நீங்கள் அவரிடம் ஒருநாளாவது கேட்டிருக்கிறீர்களா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் அப்பா பிறந்தது 1955. மலாயா விடுதலை அடைந்தது 1957 ஆகஸ்ட் 31. அந்த நாளிலிருந்து 1962 வரை அந்த மண்ணில் பிறந்த குழந்தைக்கு, பெற்றோர் யாராக இருந்தாலும், குடியுரிமை தானாகவே வந்துவிட்டது. அதற்கு முன்னால் பிறந்து, அப்பா அம்மா இருவரும் இந்தியாவிலிருந்து போனவர்களாக இருந்தால், மனு போட்டுத்தான் வாங்க வேண்டும். தோட்டத்தில் ரப்பர் மரத்துப் பால் வெட்டுகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த மனு பற்றித் தெரியும்? தெரிந்தவர்களுக்கும் அதை எழுதிக் கொடுக்க தோட்டத்து எழுத்தரான கிராணியின் தயவு வேண்டும். "நாம இங்கதானே இருக்கோம், யார் நம்மைப் போகச் சொல்லப் போறாங்க" என்று இருந்துவிட்டார்கள். குடியுரிமை உள்ளவர்களுக்கு நீல அடையாள அட்டை, இல்லாதவர்களுக்குச் சிவப்பு. 1969 மே 13-ல் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் நடந்த கலவரத்துக்குப் பிறகு எல்லாம் இறுகியது. சிவப்பு அட்டைக்காரர்கள் வேலை செய்ய வேண்டுமென்றால் பெர்மிட் எடுக்க வேண்டும் என்றார்கள். வருடக்கணக்காக அந்தக் காட்டை வளர்த்தவர்களுக்கு அதே காட்டில் வேலை செய்ய பெர்மிட். ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களை டிரங்குப் பெட்டியில் அடைத்துக்கொண்டு பினாங்குத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தன. 'ரஜூலா' என்ற கப்பல் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. 1926-ல் கட்டியது. நாகப்பட்டினத்தில் அது கரைக்கு வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் இறங்கிக் கரைக்கு வர வேண்டும்.

உங்கள் அப்பா எந்த வகையில் வந்தார் என்று எனக்குத் தெரியாது. சொந்த விருப்பத்தில் ஊர் திரும்பியவர்களும் உண்டு. ஆனால் வருடமும் வயதும் பொருந்தி வரும்போது விசாரிக்காமல் இருப்பது மகனுக்கு அழகில்லை. பதினைந்து வயது என்பது எல்லாம் புரிகிற வயது. நண்பர்கள் இருப்பார்கள். பள்ளிக்கூடம் இருந்திருக்கும், இல்லையென்றால் ஏற்கெனவே பால் வெட்டும் கத்தி பிடித்திருப்பார். பிறந்த நாட்டில் இருக்க முடியாமல் போனவர், பார்த்தே இராத ஒரு நாட்டில் வந்து இறங்கி, 'சிலோன்காரன்', 'மலேயாக்காரன்' என்று எதையோ சொல்லிக் கூப்பிட்ட ஊரில் பிழைத்து, உங்களைப் படிக்கவைத்திருக்கிறார். அவரை ஒரு சுற்றுலாப் பயணியாக அந்த நாட்டுக்குக் கூட்டிப்போய், கழுத்தில் பேக்கேஜ் கம்பெனி அட்டையை மாட்டி, கோபுரத்துக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுக்கப் பார்க்கிறீர்கள். "நீங்க போயிட்டு வாங்க" என்று அவர் சொன்னதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

கடந்த சில மாதங்களாகவே இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உறவினர் வீடுகளுக்குப் போனால் வெளிநாட்டுப் பயணப் படங்களை டிவியில் போட்டுக் காட்டுகிறார்கள். எல்லாப் படத்திலும் பெரியவர்கள் ஓரத்தில் நிற்கிறார்கள், கையில் எல்லோருடைய பைகளும். "அம்மா இங்கயே உக்காந்து சாமானைப் பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு நாம் மேலே ஏறியிருப்போம். இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். பயண நாட்களில் பெரியவர்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். பஸ் எப்போது நிற்கும், கழிப்பறை எவ்வளவு தூரம் என்பது அவர்கள் கையில் இல்லை. டிரைவரிடம் கேட்கக் கூச்சம், மருமகளிடம் சொல்ல அதைவிடக் கூச்சம். மத்தியானத்துக்குள் தலைவலி, சோர்வு, "நான் ரூம்லயே இருக்கேன்." துபாயில் நீங்கள் பார்த்தது இதுவாகவும் இருக்கலாம். அவர் ஒட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஊரில் அவரிடம் யாராவது ஒரு வார்த்தை அபிப்பிராயம் கேட்டார்களா?

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். வருடம் முழுக்க உழைத்து, லீவு சேர்த்து, தவணை கட்டி, ஆறு பேரையும் அழைத்துப் போக நினைக்கிறீர்கள். அப்பா வரவில்லை என்றதும் உங்களுக்கு வலித்திருக்கிறது, அதனால்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அந்த மனசு எல்லோருக்கும் வராது.

என் மனைவியின் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். கெடாவில், கூலிம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் 1954-ல் பிறந்தவர். அவர் தம்பி பிறந்தது 1958. அக்காவுக்குச் சிவப்பு, தம்பிக்கு நீலம். குடும்பம் கப்பல் ஏறியபோது, பிள்ளையில்லாத சித்தப்பா வீட்டில் தம்பியை விட்டுவிட்டு வந்தார்கள். அவனாவது நன்றாக இருக்கட்டும் என்று. பன்னிரண்டு வயதுப் பையனை. எங்கள் கல்யாணம் ஆகி வெகுகாலம் வரை இந்தக் கதை எனக்குத் தெரியாது. அத்தை சொல்லவில்லை. பேச்சு மலேசியா பக்கம் வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

அவரை நாங்கள் அழைத்துப் போனபோது வேறு எந்த ஊரையும் சேர்க்கவில்லை. பினாங்கில், ஜார்ஜ்டவுனில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு அங்கேயே இருந்தோம். முதல் இரண்டு நாள் அத்தை வாயே திறக்கவில்லை. காலையில் குயின் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் போவார். 1833-லிருந்து இருக்கிற கோயில். சாயங்காலம் லிட்டில் இந்தியாவில் ஒரு பூக்கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். கடைக்காரப் பெண் பேச்சுக்கொடுக்க, இவர் பதில் சொல்ல, பேச்சோடு பேச்சாக அத்தையின் வாயில் மலாய் வார்த்தைகள் வர ஆரம்பித்தன. திருவாரூரில் முப்பது வருடமாகப் பக்கத்தில் இருந்தவர்கள்கூடக் கேட்டிராத வார்த்தைகள். என் மகன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

அடுத்த நாள் அவரே சொன்னார், "கூலிம் பக்கம் போலாமா?"

தோட்டம் இல்லை. அந்தப் பக்கமெல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்டுவிட்டார்கள். வரிசை வீடுகள் இருந்த இடத்தில் தார் ரோடு. அம்மன் கோயில் மட்டும் இருந்தது, பெரிதாக்கிக் கட்டியிருந்தார்கள். அத்தை கும்பிட்டுவிட்டுச் சும்மா நின்றார். திரும்பி வரும் வழியில் ஒரு சிறு தோட்டம், யாரோ ஒருவருடைய பழைய ரப்பர் மரங்கள். வண்டியை நிறுத்தச் சொன்னார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தார். ஒரு மரத்தின் வெட்டில் கட்டைவிரலை வைத்து, இடது மேலிருந்து வலது கீழாகச் சரிவாக இழுத்துக்கொண்டே போனார். பாதியில் நின்று, "இங்க ஆழமா விட்டுட்டான் பாரு" என்றார். பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும், உள்மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முடிச்சு விழுந்துவிடும், மறுபடி பால் வராது, மேஸ்திரி மண்டோர் திட்டுவான் என்று பேரனுக்குச் சொல்லிக்கொடுத்தார். வெட்டில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை நகத்தால் கிளப்பி ஒரே இழுப்பில் நீளமாக உரித்தார். அதைச் சுருட்டிச் சுருட்டிப் பந்து செய்து தம்பியோடு விளையாடியதைச் சொன்னார். வெயில் ஏறினால் பால் ஓடாது, அதனால் இருட்டிலேயே பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போய்ப் பெயர் கொடுக்க வேண்டும், நெற்றியில் விளக்கு, அம்மாவுக்குப் பின்னால் பால் பிடிக்கிற மங்கு துடைத்துக்கொண்டு ஓடுவேன் என்று, வீடு வந்து சேரும்வரை பேச்சு நிற்கவில்லை. தம்பியை அழைத்துப் பேசலாமா என்று அவரே கேட்டார். தம்பி ஈப்போவில் இருந்தார். மறுநாள் வந்தார். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

ஆகவே, ச., அந்த ஏழு நாள் அட்டவணையைத் தூக்கிப் போடுங்கள். ஜென்டிங் எங்கும் ஓடிவிடாது, சிங்கப்பூருக்கு உங்கள் பிள்ளைகள் வளர்ந்தபின் அவர்களே போய்க்கொள்வார்கள். சென்னையிலிருந்து பினாங்குக்கே நேராக விமானம் வந்துவிட்டது. ஒரே வீட்டில் தங்குங்கள், கீழ்த்தளத்தில் படுக்கையறை உள்ள வீடாகப் பாருங்கள். பிள்ளைகளுக்குப் பினாங்கு மலை ரயில் இருக்கிறது, 1923-லிருந்து ஓடுகிறது. கடற்கரை இருக்கிறது. தண்ணீர்மலை முருகன் இருக்கிறார், 500 படிக்கு மேல், அப்பா கீழே இருக்கிறேன் என்றால் நீங்கள் யாராவது ஒருவர் கூட இருங்கள். கெடா போக, ஃபெர்ரியில் பட்டர்வொர்த், அங்கிருந்து ரயிலில் சுங்கை பட்டாணி, ஒரு மணி நேரம்கூட ஆகாது. மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் பக்கத்தில்தான். உங்கள் மகள் பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பாளே, ராஜேந்திர சோழன் கடாரம் கொண்டான் என்று, அந்தக் கடாரம் இதுதான் என்று அவளிடம் சொல்லுங்கள். தாத்தா பிறந்த ஊரும் அங்கேதான் என்று தெரிந்தால் அவள் கேட்கிற கேள்விகளுக்கு உங்கள் அப்பாவால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. மகனிடம் மறைப்பதைப் பேத்தியிடம் சொல்லிவிடுவார்கள்.

போகலாமா வேண்டாமா என்று அவரிடம் இனி கேட்காதீர்கள். தோட்டத்தின் பெயர் என்ன என்று கேளுங்கள். சொல்ல மறுத்தால் அம்மாவிடம் கேளுங்கள், டிரங்குப் பெட்டியில் பழைய பாஸ்போர்ட்டோ பிறப்புப் பத்திரமோ கட்டாயம் இருக்கும். தோட்டம் அழிந்துபோயிருந்தாலும் பல இடங்களில் தமிழ்ப்பள்ளி இன்னும் அந்தத் தோட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது, அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். பெயர் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். சுங்கை பட்டாணியில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், மே மாதத்துக்குள் விசாரித்துச் சொல்கிறேன்.