சார்லி ஹேடன்: குரல் போனது, பேஸ் பாடியது

கேள்வி: ஜாஸ் குழுவில் பின்னால் நின்று டபுள் பேஸ் (ஆளுயர வயலின் போன்ற, கீழ் ஸ்தாயித் தந்தி வாத்தியம்) வாசிப்பவர் வெறும் பக்கவாத்தியக்காரர்தானா? அவரால் இசையின் போக்கை மாற்ற முடியுமா?

முடியும். சார்லி ஹேடன் மாற்றியிருக்கிறார்.

1937இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், ஷெனன்டோவா என்ற சிற்றூரில் பிறந்தவர். குடும்பமே ரேடியோவில் கண்ட்ரி பாட்டு, அதாவது அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாட்டு, பாடுகிற குடும்பம். இரண்டு வயது முடியும் முன்பே இவரும் மைக் முன்னால் நின்றுவிட்டார். பதினைந்து வயதில் போலியோ வந்தது. அது தாக்கியது முகத்தையும் தொண்டையையும். பாட்டு அத்தோடு நின்றது. அண்ணன் வாசித்துக்கொண்டிருந்த பேஸை இவர் எடுத்துக்கொண்டார். கூடப் பாடுகிறவர்களின் குரலைக் கவனித்து, அதற்குப் பொருந்தும் சுரத்தைப் பிடிக்கிற பழக்கம் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. பின்னாளில் அவர் செய்த எல்லாவற்றுக்கும் அதுதான் வேர் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1957இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். அங்கே சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனைச் சந்தித்தார். அதுவரை ஜாஸில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வரிசை உண்டு. பேஸ்காரர் அந்த வரிசையைத் தாளத்துக்கு ஒரு சுரமாக நடத்திக்கொண்டே போவார். அதன் மேல் மற்றவர்கள் கற்பனையை விரிப்பார்கள். கோல்மன் அந்த வரிசையையே விட்டுவிட்டார். மெட்டு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் போவார். குழுவில் பியானோவும் கிடையாது. அப்படியானால் பேஸ்காரர் எதைப் பிடித்துக்கொள்வது? சாக்ஸபோனைக் கேட்டு, அது அடுத்து எங்கே போகும் என்று உணர்ந்து, கீழே நிற்க ஒரு தரையை அந்த நொடியிலேயே போட்டுக் கொடுக்க வேண்டும். ஹேடன் அதைச் செய்தார். 1959இல் வந்த ‘தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்’ ஆல்பமும், அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் தொடங்கிய கச்சேரிகளும் ஜாஸ் உலகத்தையே இரண்டாகப் பிரித்தன. அவருக்கு அப்போது வயது 22.

எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது அவருடைய நிதானம். அவர் தலைமுறையின் மற்ற பேஸ்காரர்கள் மேல் ஸ்தாயியில் வேகம் காட்டிக்கொண்டிருந்தபோது, இவர் குடல்நரம்புத் தந்திகளில், கீழ் ஸ்தாயியில், கொஞ்சம் சுரங்களை மட்டும் வாசித்தார். ஒவ்வொரு சுரமும் முழுதாக ஒலித்து அடங்க இடம் விடுவார்.

ஹெராயின் பழக்கம் அவர் வாழ்க்கையில் சில வருடங்களைத் தின்றது. சிகிச்சை எடுத்து மீண்டு வந்தார். அப்புறம் பியானோ கலைஞர் கீத் ஜாரெட்டோடு நீண்ட பயணம். 1969இல் ஜாஸ் இசையமைப்பாளர் கார்லா பிளேயின் இசைக்கோர்வைகளோடு, ஸ்பெயின் உள்நாட்டுப் போர்க்காலப் பாடல்களையும் சேர்த்து, ‘லிபரேஷன் மியூசிக் ஆர்கெஸ்ட்ரா’ (விடுதலை இசைக்குழு) என்ற ஆல்பத்தைப் பதிவு செய்தார்.

அவருடைய அரசியல் ஆல்பத்தோடு நிற்கவில்லை. 1971இல் போர்ச்சுகலின் கஷ்காய்ஷ் நகரில் நடந்த விழாவில், சே குவேராவுக்காக எழுதிய தன் பாட்டை மொசாம்பிக், அங்கோலா, கினி-பிசாவு விடுதலை இயக்கங்களுக்குக் காணிக்கையாக்குவதாக மேடையிலேயே அறிவித்தார். அந்த நாடுகளை அப்போது ஆண்டுகொண்டிருந்ததே போர்ச்சுகல்தான், அதுவும் சர்வாதிகார ஆட்சி. ரகசியப் போலீஸ் அவரைப் பிடித்து விசாரித்தது. அமெரிக்கத் தூதரகம் தலையிட்டுத்தான் வெளியே வந்தார். பக்கவாத்தியக்காரர் என்று ஒதுங்கி நிற்கிற ஆள் இப்படிப் பேசமாட்டார்.

1982இல் கலிஃபோர்னியா கலைக் கல்லூரியான கால்ஆர்ட்ஸில் ஜாஸ் படிப்பைத் தொடங்கி வைத்தார். கிடார் கலைஞர் பாட் மெத்தினியோடு செய்த 1997 ஆல்பத்துக்கு கிராமி கிடைத்தது. 2008இல் மனைவி, பிள்ளைகளோடு கண்ட்ரி இசைக்கே திரும்பிப் போய் ஒரு ஆல்பம் செய்தார். அதில் ஒரு பாட்டை அவரே பாடியும் இருக்கிறார். கடைசி வருடங்களில் போலியோவின் பின்விளைவுகள் மறுபடி வாட்டின. 2014 ஜூலையில் காலமானார்.

சரி, எங்கே தொடங்கலாம்? முதலில் மெத்தினியோடு செய்த ‘பியாண்ட் தி மிசௌரி ஸ்கை’. அதில் இரண்டே பேர் என்பதால் பேஸ் தனியாகத் தெளிவாகக் கேட்கும். பிறகு கோல்மனின் ‘லோன்லி வுமன்’. செல்போன் ஸ்பீக்கரில் பேஸ் காணாமலே போய்விடும், நல்ல ஹெட்ஃபோன் அவசியம். சாக்ஸபோனை விட்டுவிட்டு ஒருமுறை ஹேடனை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள்.