பைண்டிங் மெஷின் வாங்கப் போகிறவர்களுக்கு

சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் 22 வருடமாக பைண்டிங் மெஷின் பழுது பார்க்கிறேன். ஆபீசுக்கு மெஷின் எடுப்பது பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

ஸ்வர்ணபுரியில் ஆடிட்டர் ஆபீஸ் சார். மாதம் 40 ரிப்போர்ட், ஒவ்வொன்றும் 80 தாள். காம்ப், ஸ்பைரல், வயரோ, எது எடுக்கலாம்?

காம்ப் என்பது சீப்புப் பல் வைத்த பிளாஸ்டிக் முதுகு, ஸ்பைரல் ஒரே சுருள், வயரோ இரட்டை வளையக் கம்பி. கட்டிய பிறகு பக்கம் மாறுமா? அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் தொழிலில் கையெழுத்துக்குப் போன ரிப்போர்ட்டில் ஒரு ஷெட்யூல் மட்டும் திரும்பி வரும். காம்ப் என்றால் மெஷினில் மாட்டி லிவரை இழுத்து விரித்து, அந்தத் தாளை மட்டும் மாற்றிவிடலாம். அதே காம்பையே திரும்பப் போடலாம். ஸ்பைரலில் மடக்கிய முனையை வெட்டி முழுக்கச் சுற்றிக் கழற்ற வேண்டும். வயரோவை விரித்தால் வளைவு கெட்டுவிடும், புது வயர்தான். பார்வைக்கு வயரோதான் அழகு, முழுதாகத் திருப்பி மடிக்கவும் வரும். ஆனாலும் உங்களுக்கு காம்ப்தான்.

இன்னொன்று. பெட்டியில் ‘500 ஷீட்’ என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது 51 மி.மீ. காம்புக்குள் அடங்கும் தாள். ஒரு தடவையில் ஓட்டை போடுவது 12 அல்லது 20 தாள்தான், அதுவும் மெல்லிய தாளில். அந்த எண்ணிலும் இரண்டு குறைத்தே வையுங்கள். 12 தாள் மெஷினில் பத்துப் பத்தாகப் போட்டால் ஒரு ரிப்போர்ட்டுக்கு 8 இழுப்பு, மாதம் 320. 20 தாள் மெஷினில் 18 வைத்தால் 5 இழுப்பு, மாதம் 200. இழுக்கிறவர் தோளை நினைத்து வாங்குங்கள்.

ஏற்காட்டில் எஸ்டேட் ஆபீஸ். மழை மாதங்களில் பஞ்ச் சிக்கிக்கொள்கிறது.

மெஷினில் குறை இல்லை, தாள் ஈரம் இழுத்திருக்கிறது. மூடுபனி நாளில் பிரித்து வைத்த கட்டு சாயங்காலத்துக்குள் தளர்ந்துவிடும். தேவையான அளவு மட்டும் பிரித்து, மீதியைப் பிளாஸ்டிக் உறையில் மூடுங்கள். உங்கள் ஊரில் இரண்டு அல்ல, நான்கு தாள் குறைத்து வையுங்கள். கீழ்த்தட்டில் சேரும் துண்டுகளை அன்றன்றைக்கே கொட்டுங்கள். நிறைந்தால் துண்டு மேலே ஏறி, ஓட்டை போடும் பின்னை அடைக்கும். என்னிடம் வரும் மெஷின்களில் பாதி இதனால்தான் வருகின்றன.

அண்ணா, பிஎச்.டி. ஆய்வேட்டுக்கு எந்த மெஷின்?

மெஷின் வேண்டாம் பாப்பா. அது கெட்டி அட்டை பைண்டிங், கைவேலை. பல்கலைக்கழக விதியைக் கையோடு எடுத்துக்கொண்டு பைண்டரிடம் போ.

வக்கீல் ஆபீஸ். லீகல் சைஸ் தாள் ஏ4 மெஷினில் போகுமா?

ஏ4 நீளம் 297 மி.மீ., லீகல் 356. பக்கவாட்டு முனை திறந்த மெஷின் என்றால் நகர்த்தி இரண்டாம் முறை பஞ்ச் செய்யலாம். பின்களைத் தனித்தனியாக விலக்கும் வசதி இல்லையென்றால் ஓரத்தில் அரை ஓட்டை விழும். உச்ச நீதிமன்றமே 2020 ஏப்ரலிலிருந்து ஏ4-க்கு மாறிவிட்டது, அதையும் யோசியுங்கள்.

500 ஷீட் மெஷின் மலிவாகக் கிடைக்கிறது, எடுக்கலாமா?

முதல் பதிலில் சொல்லிவிட்டேன்.

நான் ஆத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காம்ப் பழைய சரக்கு, பையில் போட்டால் பல் உடைகிறது. ஸ்பைரலை விட்டு ஏன் இதைச் சொல்கிறீர்கள்?

பிள்ளைகள் நோட்டுக்கு நீங்கள் சொல்வதே சரி. ஸ்பைரல் எத்தனை மடித்தாலும் தாங்கும். ஆனால் ஆபீஸ் ரிப்போர்ட் பையில் அலைவதில்லை, அலமாரியில் நிற்கிறது.

(மறுபடி அவரே) இப்போது யார் பக்கம் மாற்றுகிறார்கள்? கம்ப்யூட்டரில் திருத்திய பிறகுதானே அச்சு?

என் கடைக்கு வந்து ஒரு மார்ச் மாதம் உட்காருங்கள் அண்ணாச்சி, தெரியும்.

(இடையில் ஓமலூர் காண்ட்ராக்டர் ஒருவர்) டெண்டரில் பக்கம் கழன்று வரக்கூடாதே. அப்போது காம்ப் ஆபத்தில்லையா?

ஆபத்துதான். இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எளிதில் மாற்றலாம் என்பதே அங்கே குறை. சில டெண்டரில் ஸ்பைரலும் கூடாது, கெட்டி பைண்டிங் என்றே போட்டிருப்பார்கள். நிபந்தனையைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். ஆத்தூர்க்காரரே, இந்த இடத்தில் காம்பை நானே விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் ஸ்பைரலும் ஜெயிக்கவில்லை.

100 தாளுக்கு எந்த வயரோ?

80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள் 100 சேர்ந்தால் சுமார் 10 மி.மீ. அட்டையோடு 12.7 மி.மீ. வயர் போடுங்கள். 14.3 மி.மீ. வரை அங்குலத்துக்கு 3 ஓட்டை. அதற்கு மேல் தடிமன் என்றால் அங்குலத்துக்கு 2 ஓட்டை, பஞ்சே வேறு. இது தெரியாமல் வாங்கிவிட்டுத் தடித்த வயர் பெட்டியோடு வந்து நின்றவர்கள் நிறைய.

500 ஷீட் என்றால் ஒரே தடவையில் 500-ஆ?

இல்லை, இல்லை. முதல் பதில்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

வாங்கலாம். உங்கள் தாளையே பத்து எடுத்துப் போங்கள். பஞ்ச் செய்து கடைசித் தாளை வெளிச்சத்தில் பிடியுங்கள். இரு மூலை ஓட்டைகளில் பிசிறு தெரிந்தால் பின் மழுங்கிவிட்டது, விட்டுவிடுங்கள். அப்புறம் ஓ.எச்.பி. ஷீட்டை, அதாவது கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை, தனியாக ஒன்று போட்டுப் பாருங்கள். அது சுத்தமாக வெட்டினால் விலை பேசலாம்.