சந்தாவைக் குறைக்கும் அணி

அன்புள்ள ஐயா,

டாம்பாவுக்கு அருகே 210 வீடுகள் உள்ள குடியிருப்பில் ஏழு ஆண்டுகளாக இருக்கிறேன். குப்பை வண்டி போன மறுநாள் காலையில் தொட்டியை உள்ளே எடுத்தேன் என்று எங்கள் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கம் அபராதக் கடிதம் அனுப்பியிருக்கிறது. ஃப்ளோரிடாவில் 2024இல் வந்த புதிய சட்டம் இவர்களைக் கட்டுப்படுத்தாதா? கூட்டங்களுக்குப் போக எனக்கு நேரமில்லை. ஆனால் வரும் சங்கத் தேர்தலில் மாதச் சந்தாவைப் பாதியாகக் குறைப்போம் என்கிற அணிக்கே எங்கள் தெருவில் எல்லோரும் வாக்களிக்கப் போகிறோம். இங்கே வாழ்ந்தவர் என்பதால் உங்களைக் கேட்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கட்டுப்படுத்தும். குப்பை எடுக்கும் நாளுக்கு முன்னும் பின்னும் 24 மணி நேரம் தொட்டி வாசலில் இருக்கலாம். அதற்கு அபராதம் போட முடியாது. 2024 ஜூலை 1 முதல் இதுதான் சட்டம். 100 வீடுகளோ அதற்கு மேலோ உள்ள சங்கம் தன் விதிகளையும் வரவு செலவுத் திட்டத்தையும் இணையதளத்தில் வைத்தாக வேண்டும். ஒரு பக்கத்தில் மறுப்பு எழுதி அனுப்புங்கள், போதும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்தச் சந்தா அணி. எதைக் குறைப்பார்கள் என்று ஒருவராவது கேட்டீர்களா? காப்பீட்டையா? புல்வெட்டுகிறவரின் கூலியையா? சத்தமில்லாமல் கைவைக்கக்கூடிய இடம், பெரிய பழுதுகளுக்காகச் சேர்த்துவைக்கும் காப்பு நிதி ஒன்றுதான்.

2014இல் மயாமிக்கு வடக்கே, கடலோரத்தில், ஒன்பது மாடி அடுக்ககம் ஒன்றில் குடியிருந்தோம். அந்த ஆண்டு காப்பு நிதிக்குப் பணம் ஒதுக்க வேண்டாம் என்று ஆண்டுக் கூட்டத்தில் தீர்மானம் வந்தது. பெரும்பான்மை சம்மதித்தால் அன்றைய சட்டம் அதை அனுமதித்தது. மூன்றாம் மாடியிலிருந்த கியூபப் பாட்டி எழுந்தார். கைப்பையிலிருந்து காகிதக் கைக்குட்டையில் சுற்றிய ஒரு பொருளை எடுத்துப் பிரித்து மேசைமேல் வைத்தார். உள்ளங்கையளவு கான்கிரீட் சில்லு. கார் நிறுத்துமிடத்துக் கூரையிலிருந்து அவருடைய காரின்மேல் விழுந்தது. உடைந்த பக்கத்தில், கம்பி ஓடிய தடத்தில், துரு செம்மண் போல அப்பியிருந்தது. செயலாளர் அதை ஓரமாக நகர்த்திவிட்டு வாக்குச்சீட்டுகளைக் கொடுத்தார். ‘ஒதுக்க வேண்டாம்’ என்ற கட்டத்தில் நானும் குறியிட்டேன். மாதம் 90 டாலர் மிச்சம் என்று வீட்டில் வந்து சந்தோஷமாகச் சொன்னேன்.

2021 ஜூன் 24 அதிகாலை, மயாமிக்கு அருகே சர்ப்சைடில் சாம்ப்ளைன் டவர்ஸ் சவுத் என்ற அடுக்ககம் இடிந்து 98 பேர் இறந்தார்கள். நீச்சல் குளத் தளத்தின் கீழே கான்கிரீட் சிதைந்திருப்பதை 2018லேயே ஒரு பொறியாளர் எழுதிக்கொடுத்திருந்தார். பழுதுபார்க்க 15 மில்லியன் டாலர் தேவைப்பட்டது. யார் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்று உரிமையாளர்கள் வாதாடிக்கொண்டிருந்தபோதே மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. தொலைக்காட்சியில் அந்த இடிபாட்டைப் பார்த்த இரவு எனக்கு அந்தச் சில்லுதான் கண்ணில் நின்றது. இன்றும் நிற்கிறது.

அதற்குப் பிறகு, 2022இல், மூன்று மாடியோ அதற்கு மேலோ உள்ள அடுக்ககங்களுக்கு 30ஆம் ஆண்டில் கட்டாய ஆய்வு வந்தது. கட்டட உறுதிக்கான காப்பு நிதியை முன்போல் எளிதாக வாக்கெடுத்துத் தள்ளிவிடவும் இப்போது முடியாது. ஆனால் தம்பி, அது அடுக்ககங்களுக்கான சட்டம். உங்களுடையவை தனி வீடுகள். உங்கள் குப்பைத் தொட்டிக்குப் பரிந்துவர சட்டம் இருக்கிறது. உங்கள் உட்சாலைக்கும் மழைநீர்க் குளத்துக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. நீங்கள்தான் பேச வேண்டும். நீங்களோ நேரமில்லை என்கிறீர்கள்! தொட்டிக்காக எனக்கு எழுத நேரம் இருந்ததே?

சங்கத்தையே கலைத்துவிடுங்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு. அந்தப் பேச்சை இப்போது விடுங்கள். வரவு செலவுத் திட்டத்தை எடுத்துவைத்து, காப்பு நிதியில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்தக் குளத்தின் கரையில் ஒரு சுற்று நடங்கள். தண்ணீர் வெளியேறும் குழாய்வாயில் துருவோ வெடிப்போ இருந்தால் படம் எடுத்துக் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள். எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.