மகளின் நஷ்டத்தை அப்பா நிரப்பலாமா?

கேள்வி: கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்காளராக இருக்கிறேன். கையில் வரும் சம்பளம் 38,000 ரூபாய். பத்தாம் வகுப்பு படிக்கும் மகள், கம்பெனிகளில் மிஞ்சும் வெட்டுத் துணியை வாங்கி, தாம்பூலப் பைகள் தைக்கக் கொடுத்து விற்கிறாள். ஓராண்டில் 2,000 பை விற்று 8,000 ரூபாய் லாபம் என்று நோட்டில் எழுதியிருக்கிறாள். உண்மையில், கணக்கில் விழுந்த துண்டையெல்லாம் நகையை 60,000 ரூபாய்க்கு அடகு வைத்து நான்தான் கட்டினேன். நூற்றுக்கு ஒன்றரை வட்டி. அது அவளுக்குத் தெரியாது. என் அக்கா தன் மகன் திருமணத்துக்கு 300 பை வாங்கிப் பணம் தரவில்லை. கேட்டதற்கு, ‘பெண் பிள்ளைக்குக் காசு கேட்கிற பழக்கம் எதற்கு?’ என்றார். அக்கா கொடுத்ததாகச் சொல்லி 9,000 ரூபாயை நானே மகளிடம் கொடுத்தேன். இப்போது அவள் 85,000 ரூபாய் ‘இளம் தொழில்முனைவோர்’ ஆன்லைன் பயிற்சியில் சேர ஆசைப்படுகிறாள். 24 தவணை, வட்டி இல்லை என்கிறார்கள். செல்வமகள் கணக்கில் போன வருடம் பணம் போடவில்லை. மகளின் உற்சாகம் குறையக் கூடாது. என்ன செய்யலாம்?

பதில்: பயிற்சியில் சேர்க்க வேண்டாம். அதைவிட அவசரமான வேலை உங்கள் வீட்டு நோட்டில் இருக்கிறது.

கணக்காளரான உங்களுக்கு அடக்கவிலை பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அலுவலகத்தில் யாராவது வராத பணத்தை வந்ததாக எழுதினால் விடுவீர்களா? வீட்டில் ஓராண்டாக அதைத்தான் செய்திருக்கிறீர்கள், அதுவும் மாதம் 900 ரூபாய் வட்டி கட்டி.

நீங்கள் அனுப்பிய விவரத்தை வைத்து உத்தேசமாகப் போட்டுப் பார்த்தேன். அறுபதாயிரத்தில் தையல் இயந்திரம் 24,000. அது பொருளாக இருக்கிறது, விட்டுவிடுவோம். மீதி 36,000: அக்காவின் 9,000, மற்ற உறவினர் பாக்கி 6,000, ஆட்டோ வாடகை 3,000, மணமக்கள் பெயர் பிழையாக அச்சாகி வீணான 200 பைக்கு 5,200, கண்காட்சி அரங்க வாடகை 12,800. இதோடு ஓராண்டு வட்டி 10,800. மகள் எழுதியிருக்கும் 8,000 லாபத்தைக் கழித்தால் உண்மையில் நிற்பது ஏறத்தாழ 39,000 ரூபாய் நஷ்டம்.

துணி, தையல் கூலி, அச்சு சேர்த்து ஒரு பைக்கு 26 ரூபாய் என்று அவள் கணக்கிட்டது சரி. ஆட்டோவும் வீணான பைகளும் சேர்ந்தால் அடக்கம் 30 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. அவள் விற்பதோ 30 ரூபாய்க்கு. உறவினர் எல்லோரும் ஒழுங்காகப் பணம் கொடுத்திருந்தாலும் இந்த வியாபாரத்தில் ஒரு ரூபாய் மிஞ்சியிருக்காது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியாத கணக்கல்ல. நீங்கள் காட்டவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது அந்த 200 பை. பெயர் தப்பாக அச்சான அன்று நீங்கள் சத்தமில்லாமல் மறு அச்சுக்குப் பணம் கட்டாமல் இருந்திருந்தால், அவளே ஒரு வழி கண்டுபிடித்திருப்பாள். மாதிரிப் பையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘பெயர் சரி’ என்று பதில் வந்த பிறகே அச்சுக்குக் கொடுப்பது அவளுக்குத் தோன்றாமலா போயிருக்கும்? கழிவாகக் கிடந்த வெட்டுத் துணியில் பிழைப்பைப் பார்த்த பிள்ளை அவள். 85,000 ரூபாய் கேட்பவர்கள் சொல்லித் தருவதாக விளம்பரம் செய்யும் திறமை, அவள் முன்னால் 5,200 ரூபாய்ப் பிரச்சினையாக வந்து நின்றது. அதை நீங்கள் அவளிடமிருந்து வாங்கிக்கொண்டீர்கள்.

இதே வியாபாரத்தை மகன் செய்திருந்தால் முதல் மாதமே நோட்டைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மகள் வாடிவிடுவாள் என்ற பயத்தில் பல அப்பாக்கள் இப்படிச் செய்கிறார்கள். அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் தன் பணத்தைக் கேட்கக் கூச்சப்படும் பெண்ணாக அவள் வளர்ந்தால், நாளை சம்பள உயர்வையும் கேட்க மாட்டாள். உங்கள் அக்கா சொன்னதை நீங்கள் வாயால் மறுத்திருக்கலாம். 9,000 ரூபாய் கொடுத்து ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்.

1959-இல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் லிஜ்ஜத் அப்பளத் தொழிலைத் தொடங்கினார்கள். நஷ்டமே வந்தாலும் யாரிடமும் நன்கொடை கேட்பதில்லை என்பது அவர்கள் ஆரம்பத்திலேயே எடுத்த முடிவு. கடனாக வாங்கியது கடனாகவே கணக்கில் நின்றது. உங்கள் மகளுக்கும் அந்த மரியாதையைக் கொடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவளை உட்கார வைத்து, அடகுச் சீட்டு உட்பட எல்லாவற்றையும் காட்டுங்கள். அழுவாள், கோபப்படுவாள். அவசரமாகச் சமாதானம் சொல்லாதீர்கள். விலையை 38 ஆக்குவதா, கண்காட்சியை விடுவதா, தையல் இயந்திரத்தை விற்பதா என்பதை அவள் சொல்லட்டும். எனக்கு ஒரு கருத்து உண்டு: பொதுத்தேர்வு முடியும்வரை புதிய ஆர்டர் வேண்டாம்.

அவள் கையில் இருக்கும் 8,000 உங்கள் பணம்தான். அது நகைக்கடனுக்குப் போகட்டும். மீதி 52,000. பயிற்சிக்குத் தவணையாகக் கொடுக்கத் தயாராக இருந்த மாதம் 3,500 ரூபாயை இதில் கட்டினால், இதே வட்டியில் சுமார் 17 மாதங்களில் நகை வீட்டுக்கு வந்துவிடும். பொதுத்துறை வங்கிக்கு மாற்ற முடியுமா என்று விசாரியுங்கள். அங்கே வட்டி கணிசமாகக் குறைவு, இன்னும் சீக்கிரம் முடியும்.

‘வட்டி இல்லாத் தவணை’ பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரே தடவையில் கட்டினால் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியும். இத்தகைய தவணைகள் பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம் தரும் கடன். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது ஆகாதவரோடு செய்யும் ஒப்பந்தம் செல்லாது. ஆகவே கையெழுத்து உங்களுடையதாகத்தான் இருக்கும். பயிற்சியின் நான்காவது வகுப்போடு மகள் சலித்துப்போய் விட்டுவிட்டாலும் தவணை நிற்காது.

செல்வமகள் கணக்கை முதலில் உயிர்ப்பியுங்கள். விடுபட்ட ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 250 ரூபாயும் அபராதம் 50 ரூபாயும்தான். கல்லூரிக்கான பணம் அது.

வியாபாரத்துக்கு அவள் பெயரிலேயே வங்கிக் கணக்கு இருக்கட்டும். 10 வயது கடந்த சிறார் தாங்களே சேமிப்புக் கணக்கை இயக்க வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் சொல்லியிருக்கிறது. இருக்கும் பணத்துக்கு மேல் எடுக்க முடியாது என்பது உங்கள் வீட்டுக்கு மிகவும் பொருத்தமான விதி.

அக்காவுக்கு மகள் பில் எழுதட்டும்: 300 பை, 30 ரூபாய் வீதம், 9,000. பேசிய விலை அதுதான், புது விலையைப் போடக் கூடாது. அவள் கொண்டுபோய்க் கொடுக்கும்போது நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், பேசாதீர்கள். அக்கா தர மறுத்தால் வாராக்கடன் என்று மகள் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். அதை நீங்கள் நிரப்பக் கூடாது. அடுத்த விசேஷத்துக்கு அத்தை பை கேட்டு வந்தால், பாதி முன்பணம் வாங்கிய பிறகே துணி வெட்டட்டும்.