சம்பளச் சீட்டில் 135 ரூபாய்

ஐயா, வணக்கம். ஓசூரில் ஒரு கம்பெனியில் 18,000 ரூபாய் சம்பளத்தில் இருக்கிறேன். மாதாமாதம் 135 ரூபாய் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்கள். நான்கு வருடத்தில் ஒரு முறைகூட அந்தப் பக்கம் போனதில்லை. வெட்டியாகப் போகிற பணம். அம்மா காவேரிப்பட்டணத்தில் பூப்பறிக்கப் போகிறார். பிரஷர் உண்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் உண்டு. அவருக்குத் தனியார் பாலிசி ஒன்று எடுக்கலாமா? இந்தக் காப்பீடு எல்லாமே அமெரிக்காக்காரன் நம் தலையில் கட்டியதுதானே?
— ஓசூரிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பாலிசி உங்கள் விருப்பம். எடுத்தால், ஏற்கனவே இருக்கும் நோய்க்கு எத்தனை வருடம் கழித்துப் பணம் தருவார்கள் என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எனக்கு உறுத்தியது 'வெட்டி' என்ற சொல்தான். இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை.

உங்கள் 135 ரூபாயோடு முதலாளி 585 ரூபாய் கட்டுகிறார். நீங்கள் நோயில் படுத்தால் வைத்தியத்தோடு நிற்காது; சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கைக்கு வரும். உங்களை நம்பியிருக்கும் அம்மாவுக்கும் அங்கே வைத்தியம் உண்டு. வருமான வரம்பு இருக்கிறது, விசாரிக்க வேண்டும். நான்கு வருடத்தில் அதைக்கூட விசாரிக்காமல் வெட்டி என்று எழுத எப்படி மனம் வந்தது?

91 நாள் என்றால் 13 வாரம். 1883-ல் ஜெர்மனியில் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் கொண்டுவந்த நோய்க் காப்பீட்டுச் சட்டத்திலும் இதே 13 வாரம்தான். வைத்தியத்தோடு பாதிக் கூலி. தொழிலாளி இரண்டு பங்கு கட்டினால் முதலாளி ஒரு பங்கு. தொழிலாளர்கள் சோஷலிஸ்டுகள் பக்கம் போய்விடக் கூடாதென்பது பிஸ்மார்க்கின் கணக்கு, இருக்கட்டும். ஆள் படுத்தால் அன்றைக்கே கூலி நின்றுவிடும் என்பது அந்தச் சட்டத்துக்குத் தெரிந்திருந்தது.

அமெரிக்கா பிற்பாடுதான் வருகிறது. 1929-ல் டல்லாஸில் பள்ளி ஆசிரியர்கள் மாதம் 50 சென்ட் கட்டினால் பேய்லர் ஆஸ்பத்திரியில் 21 நாள் சிகிச்சை என்று ஓர் ஏற்பாடு. காப்பீடு என்றாலே ஆஸ்பத்திரி பில் என்று ஆனது அந்த வழியில். 1945-ல் அதிபர் ட்ரூமன் முன்வைத்த திட்டத்தில் நோயில் போகும் கூலிக்கும் இடம் இருந்தது. நிறைவேறவில்லை. நம் நாட்டில் 1952-ல் தொடங்கிய இஎஸ்ஐ ஜெர்மனி வழி. 2009-ல் வந்த கலைஞர் காப்பீடும், 2012-லிருந்து இருக்கும் முதலமைச்சர் காப்பீடும் பில் கட்டும் வழி.

பில் கட்டுவதை நான் ஒருநாளும் குறைவாகப் பேச மாட்டேன். 2013-ல் என் மாமா புளி உலுக்க ஏறி, கிளை முறிந்து விழுந்தார். தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. அந்த அட்டையில்தான் ஆபரேஷன், எங்களிடம் ஒரு ரூபாய் வாங்கவில்லை. அத்தை அட்டையை சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகி வைத்தார். ஆனால் மாமா ஐந்து மாதம் கட்டிலில் கிடந்தார். கூடவே இருந்ததில் அத்தையின் கூலியும் போனது. அந்த வருடத்துப் பால் சொசைட்டி அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. காலை 4 லிட்டர், மாலை 3 லிட்டர் என்று நீல மையில் வரிசையாகப் போகிறது. மார்ச் 19 காலை 4 லிட்டர். அதற்குக் கீழே கட்டங்கள் மட்டும்தான். மாட்டை விற்றுவிட்டார்கள்.

அந்த 91 நாள் மாமாவுக்கு ஏன் இல்லை? தக்காளி பறிக்கிறவருக்கு, மாங்கூழ் ஆலைக்கு சீசனில் மட்டும் போகிறவருக்கு, உங்கள் அம்மாவுக்கு ஏன் இல்லை? கேட்டால், 'ஆபரேஷன் இலவசமாகப் பண்ணிக் கொடுத்தாயிற்றே' என்கிறார்கள். சரி, கொடுத்தாயிற்று. தையல் பிரித்த அன்று சாயங்காலம் வீட்டில் உலை வைக்க அரிசி வேண்டாமா? அடுத்த வாரம்? எழுந்து நடக்கும் வரை? பார்க்கிற அதிகாரியிடமெல்லாம் இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், தம்பி. அந்த 135 ரூபாயில் உங்களுக்குக் கிடைப்பதை அவர்களுக்கும் கொடு என்கிறேன். நீங்கள் அதையே வெட்டி என்கிறீர்கள்.

அப்புறம் அம்மாவின் பிரஷர். மாத்திரைக்காக ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய பூப்பறிக்கும் கூலி போகும். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. மாத்திரை வீட்டுக்கே வர வேண்டும். வருகிறதா என்று இன்றைக்கே அம்மாவுக்கு போன் போட்டுக் கேளுங்கள். இஎஸ்ஐயில் அவர் பெயரைச் சேர்க்க முடிந்ததா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.